நட்டாலம் முதல் கோட்டாறு வரை: மறைசாட்சி தேவசகாயத்தின் தடத்தில்

முதல் நாள்: நட்டாலம்

குமரி மாவட்டத்துக்கு வரும் யாத்திரை வேன்கள் பலவும் நேரே ஆரல்வாய்மொழிக்குப் போய் காற்றாடி மலையில் ஒரு செபமாலை சொல்லும். அப்புறம் கோட்டாறு கல்லறையில் மெழுகுதிரி. மாலைக்குள் கன்னியாகுமரி கடற்கரை. திருவிதாங்கூர் அரண்மனைச் சேவகராக இருந்து கிறிஸ்தவராகி, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்து ‘மறைசாட்சி’ ஆன புனித தேவசகாயம் கைதானது 1749 பிப்ரவரி 23. அந்தக் காற்றாடி மலையில் சுடப்பட்டது 1752 ஜனவரி 14. இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டு. அவருடைய சாட்சியம் அந்த மூன்று ஆண்டில்தான் இருக்கிறது, துப்பாக்கி அதை முடித்து மட்டுமே வைத்தது. அதனால் இந்தப் பயணத்தை அவர் வாழ்க்கை நடந்த வரிசையில் போட்டிருக்கிறோம். வரைபடத்தில் பார்த்தால் மேற்கே, கிழக்கே, மறுபடி மேற்கே என்று கோணலாக இருக்கும். அவரையும் அப்படித்தான் ஊர் ஊராக இழுத்தடித்தார்கள்.

தங்குவதற்கு நாகர்கோவில் போதும். எல்லா இடமும் அங்கிருந்து ஒரு மணி நேரச் சுற்றுக்குள்தான். மேற்குப் பக்கம் மார்த்தாண்டம், தக்கலை போவதற்கும் கிழக்குப் பக்கம் திருநெல்வேலி சாலைக்கும் வடசேரி பேருந்து நிலையத்தில் ஏற வேண்டும். ரயிலில் நட்டாலம் வர நினைப்பவர்களுக்குப் பள்ளியாடி பக்கம்தான், ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டிகளை நம்பி அங்கே இறங்கத் திட்டமிட வேண்டாம். குழித்துறையில் இறங்கி ஆட்டோ பிடிப்பது சுலபம்.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்தவருக்கு இட்ட பெயர் நீலகண்டன். தகப்பனார் வாசுதேவன் நம்பூதிரி, காயங்குளத்துக்காரர், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசை செய்தவர். தாயார் தேவகி அம்மாள். நாயர் குடும்பம், தாய்வழியில் வாரிசு வரும் மருமக்கத்தாய வழக்கம், எனவே பிள்ளை வளர்ந்தது தாய்மாமன் பொறுப்பில். தமிழ், மலையாளம், சமஸ்கிருதம், அதோடு வர்மமும் ஆயுதப் பயிற்சியும். அரண்மனை உத்தியோகத்துக்கு அந்தக் காலத்தில் தேவைப்பட்ட படிப்பு இதுதான்.

ஊரில் ஆலயமும் பிறந்த வீட்டின் நினைவிடமும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் போதும். ஆனால் வந்தவர்கள் ஊர்ச் சிவன் கோவிலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். மகா சிவராத்திரி அன்று முன்சிறை திருமலையில் தொடங்கி ‘கோவிந்தா கோபாலா’ என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு கோவில் ஓடுகிற சிவாலய ஓட்டம் முடிவது இந்தத் திருநட்டாலத்தில்தான். அவர் எந்த உலகத்திலிருந்து புறப்பட்டார் என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால்தான் பிடிபடும். சிவராத்திரி நாளில் மட்டும் கார் எடுத்து வராதீர்கள், சாலை முழுவதும் ஓட்டக்காரர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் திருவட்டாறு. இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இரண்டாம் நாள்: பத்மநாபபுரம், உதயகிரி

தக்கலையில் இறங்கினால் அரண்மனை 2 கிலோமீட்டர். இடம் தமிழ்நாடு, நிர்வாகம் கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் உணவு இடைவேளைக்கு மூடிவிடுவார்கள், செருப்பை வாசலிலேயே விட வேண்டும். காலையில் திறந்ததும் நுழைவது நல்லது. பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டால் குறுகலான படிகளில் நகர முடியாது.

நீலகண்டப் பிள்ளை உட்கார்ந்து கணக்குப் பார்த்த அறை எது என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு இடங்களை நிதானமாகப் பாருங்கள். ஒன்று மந்திரசாலை, அரசர் ஆலோசனை நடத்திய கூடம். கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புத் தரை, காற்று வரும் மரச் சாளரங்கள். இன்னொன்று நான்கு அடுக்கு உப்பரிகை மாளிகை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750 வாக்கில் கட்டியது. மேல் அடுக்கு மன்னருக்கு அல்ல, பத்மநாப சுவாமிக்கு. அதே 1750 ஜனவரியில்தான் மன்னர் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்து, இனி அவன் தாசனாக ஆள்வேன் என்று திருப்படிதானம் செய்தார். அப்போது தேவசகாயம் கைதாகி ஓர் ஆண்டு ஆகப்போகிறது. நாடே பெருமாளுக்குச் சொந்தம் என்று ஆகிற வேளையில், அரண்மனைச் சேவகன் ஒருவன் வேறு கடவுளைத் தொழுதால் அது வெறும் சொந்த விஷயமாக எப்படி இருக்கும்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மதம் மாறியதற்காகத் திருவிதாங்கூரில் யாரையும் கொன்றதில்லை, அவர் மேல் இருந்தது ராஜதுரோகக் குற்றம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆட்சியில் மதத்தையும் ராஜவிசுவாசத்தையும் தனித்தனியாகப் பிரித்துவைக்க வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. உப்பரிகையின் மேல் அடுக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் இரண்டாகப் பிரியாது.

கோட்டைக்குள்ளேயே நீலகண்டசுவாமி கோவில் இருக்கிறது. இதன் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நீலகண்டப் பிள்ளையிடம் இருந்தது. கல்குளம் என்ற பெயரில் சிவாலய ஓட்டத்தின் ஏழாவது கோவிலும் இதுதான்.

பிற்பகலில் உதயகிரிக் கோட்டை. புலியூர்க்குறிச்சியில் தேசிய நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. தனித்து நிற்கும் ஒரு குன்றைச் சுற்றிக் கருங்கல் மதில். உள்ளே இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான், மயில் பார்க்க வரும் கூட்டத்தைத் தாண்டி உள்ளே நடந்தால் கூரை போன ஒரு சிறு தேவாலயமும் அதற்குள் டிலனாய் கல்லறையும் வரும். குளச்சலில் 1741ல் டச்சுப் படை தோற்றபோது பிடிபட்டவர் டிலனாய். பிறகு மன்னரின் படையையே ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்து ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி ஆனார். இறந்தது 1777. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்து மங்கியிருப்பதால் உச்சி வெயிலில் வாசிக்க முடியாது. வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில், நாலு மணிக்கு மேல் போனால் வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். பூங்கா மூடும் நேரத்தை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடு செத்து, பயிர் போய், வீட்டில் நிம்மதி இல்லாமல் இருந்த நீலகண்டனுக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னவர் இந்த டிலனாய்தான். அப்படியானால் டிலனாயை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? யாத்திரைக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. டிலனாய் அந்நியர். பீரங்கியும் கோட்டையும் அவர் கையில் இருந்தன, அவர் கோட்டைக்குள்ளேயே சிற்றாலயம் வைத்துக்கொண்டால் யாருக்கும் இழப்பில்லை. நீலகண்டன் உள்ளூர் மேல்சாதி. அவர் போனால் சாதி ஒழுங்கின் ஒரு கல் கழன்றுவிடும்.

மூன்றாம் நாள்: வடக்கன்குளம்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சாலையில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, காவல்கிணறு பக்கம் இறங்கி உள்ளே போக வேண்டும். இடைநில்லாப் பேருந்தில் ஏறிவிட்டால் திருநெல்வேலியில்தான் இறங்க முடியும், ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள்.

ஞானஸ்நானம் வாங்க இவ்வளவு தூரம் ஏன் வந்தார்? கணவாய்க்கு அப்பால் திருவிதாங்கூர் ஆணை செல்லாது, அது பாண்டி நாடு. வடக்கன்குளத்தில் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி இருந்தார். டிலனாயின் பரிந்துரையோடு வந்த நீலகண்டனுக்கு 1745 மே மாதத்தில் அவர் ஞானஸ்நானம் கொடுத்து லாசர், அதாவது தேவசகாயம் என்று பெயரிட்டார். மனைவி பார்கவி பிறகு ஞானப்பூ ஆனார். கணவர் போன பின் ஞானப்பூ பிறந்த ஊர் திரும்பவில்லை. அவர் கல்லறை வடக்கன்குளத்திலேயே இருக்கிறது. யாத்திரைப் பட்டியல்களில் அந்தக் கல்லறை கடைசி வரியில் வரும், சிலவற்றில் வராது. அது சரியில்லை.

இங்கே பெரும்பாலோர் பார்க்காமல் போகும் இன்னொன்று, திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பு. பீடத்துக்கு முன்னால் நின்று வாசல் பக்கம் திரும்புங்கள். மற்றக் கோவில்களில் நேரே ஒரு நடுமண்டபம் ஓடும். இங்கே இரண்டு மண்டபங்கள் விரித்த கால்கள் போல இரு பக்கம் பிரிந்து போகின்றன. பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டும் தெரியும், மண்டபங்களில் இருப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. 1872ல் கட்டும்போது வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று நினைத்தே போட்ட திட்டம். நடுவே தடுப்புச் சுவரும் இருந்தது. 1910ல் குருக்கள் சுவரை இடித்தார்கள். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. தேவாலயத்துக்குள் சாதியின் பேரால் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று கடைசியில் மதராஸ் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எந்த மனிதர் சாதி பாராமல் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்ததற்காகவே மேல்சாதியாரின் பகையைச் சம்பாதித்தாரோ, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், அவர் இறந்து 120 ஆண்டு கழித்து இந்தச் சுவர் எழுந்தது. யாத்திரைக் குழுக்களை அழைத்து வருபவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவதை நாங்கள் ஏற்கவில்லை. அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு முன்பு பெயரின் பின்னாலிருந்த ‘பிள்ளை’யை நீக்க வேண்டும் என்று எழுந்த கோரிக்கையை ரோம் ஏற்றுக்கொண்டதையும் இங்கேயே சொல்லலாம். சுவரொட்டிகளிலும் நேர்ச்சைச் சீட்டுகளிலும் இன்னும் பழைய பெயர்தான் நிறைய.

ஊரில் பெரிய ஓட்டல் எதிர்பார்க்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குக் காவல்கிணறு வந்துவிடலாம்.

நான்காம் நாள்: புலியூர்க்குறிச்சி, பெருவிளை

மறுபடி மேற்கே. இரண்டாம் நாளே கோட்டை வாசல் வரை வந்திருந்தும் முட்டிடிச்சான் பாறையை இன்றைக்குத் தள்ளிவைத்ததற்குக் காரணம், அது கைதுக்குப் பிந்திய இடம். இரண்டே நாள் கையில் இருப்பவர்கள் கோட்டையோடு சேர்த்தே பார்த்துவிடுங்கள், தவறில்லை.

போகும் வழியில் ஓரங்களில் எருக்கஞ்செடியைக் கவனியுங்கள். வெளிர் ஊதாப் பூ, சாம்பல் பூத்த தடித்த இலை. ஒரு பூவைக் கிள்ளினால் காம்பிலிருந்து பால் சொட்டும். அது கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், ஆகவே கிள்ளிய கையால் முகத்தைத் துடைக்கக் கூடாது. இந்தப் பூவைத்தான் மாலையாகக் கட்டி அவர் கழுத்தில் போட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டி, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, உடம்பில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எமன் வாகனம், எருக்கம்பூ, புள்ளி எல்லாமே சாவுக்கு முன்னால் ஒருவனைச் சமூகத்திலிருந்து அகற்றும் சடங்கு. அடிபட்ட புண்ணிலும் மூக்கிலும் மிளகாய்ப் பொடி, பிறகு வெயிலில் நிறுத்துவது, குடிக்கக் கெட்ட நீர். வேதனையைவிட அவமானத்துக்கே இதில் கணக்கு அதிகம். பார்க்கிற ஊர்க்காரன் எவனும் அந்தப் பக்கம் போக நினைக்கக் கூடாது என்பதே நோக்கம். நடந்தது எதிர்மாறாக. போன இடமெல்லாம் ஆட்கள் அவரைப் பார்க்க வந்தார்கள்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துவண்டவர் முழங்கையால் பாறையை முட்டினார், நீர் சுரந்தது என்பது மரபு. ஆலய வளாகத்துக்குள்ளேயே அந்தப் பாறை இருக்கிறது. பெரிய சுனையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள், பாறையில் ஒரு சிறு குழிதான். யாத்திரிகர்கள் அதிலிருந்து நீர் எடுத்துக்கொள்வார்கள். கூட்ட நாளில் ஆளுக்கு ஒரு வாய் என்று எடுங்கள். பாட்டிலை அமிழ்த்தி நிரப்பப் பார்ப்பவர்களால்தான் வரிசை நின்றுபோகிறது, அடி மண்ணும் கலங்குகிறது.

அங்கிருந்து நாகர்கோவில் திரும்பும் வழியில், நகரத்தின் மேற்கு ஓரத்தில் பெருவிளை. இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால், காற்றாடி மலையை விட்டுவிட்டு இங்கே வரச் சொல்வோம். பெருவிளை ஆராச்சார்களின் ஊர். ஆராச்சார் என்றால் அரசனின் கொலைத் தண்டனையை நிறைவேற்றுகிறவர். தேவசகாயத்தை அவர்கள் பொறுப்பில் விட்டு, வேப்ப மரத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டார்கள். கட்டிய இடத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. நோயாளிகள் வேப்பிலையைப் பறித்துக்கொண்டு போனார்கள். பிள்ளையில்லாத ஆராச்சாருக்காக அவர் வேண்டினார், குழந்தை பிறந்தது என்று ஊர் சொல்கிறது. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் எந்தக் கை தன்னை வெட்டப் போகிறதோ அந்த வீட்டில் தொட்டில் கட்ட வேண்டிக்கொண்டார் என்ற செய்தியை இந்த ஊர் 270 ஆண்டுக்கு மேலாகக் கைமாற்றிக்கொண்டு வருகிறது. கொன்றவரை வெறுத்துச் செத்தவரைத் திருச்சபை மறைசாட்சியாக ஏற்பதில்லை. சாவைத் தானாகத் தேடிப் போனவரையும் ஏற்பதில்லை. முதல் நிபந்தனைக்கு விடை இந்த ஊரில் இருக்கிறது.

பெருவிளைக்கு நகரப் பேருந்து உண்டு, ஆட்டோவிலும் வரலாம். சுற்றிலும் வீடுகள். பெரிய வேன் வந்தால் முக்கியச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடப்பதே மரியாதை.

ஐந்தாம் நாள்: காற்றாடி மலை, கோட்டாறு

ஆரல்வாய்மொழி இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய். தென்மேற்குப் பருவத்தில், மே கடைசி முதல் செப்டம்பர் வரை, காற்று ஆளைத் தள்ளும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். அந்த மாதங்களில் பாறை மேல் மெழுகுதிரி நிற்காது, கண்ணாடிக் கூண்டு விளக்கு கொண்டுவாருங்கள். குடையும் வேண்டாம், மடங்கிப் போகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வருவது வசதி. ஆனால் ஜனவரி 14 திருநாளும் பொங்கலும் ஒட்டி வருவதால் அந்த வாரம் பேருந்தில் இடம் கிடைப்பது கஷ்டம், அறைகளும் முன்பதிவாகிவிடும். திருநாளுக்குப் பத்து நாள் முன்போ பின்போ வைத்துக்கொண்டால் நிம்மதி.

தேவசகாயம் மவுண்ட் என்று கேட்டால் எவரும் வழி காட்டுவார்கள். வியாகுல மாதா ஆலயத்தைத் தாண்டி மேலே பாறைக்குப் போக வேண்டும். ஏற்றம் கடினமில்லை, முதியவர்கள் நிதானமாக ஏறலாம். வெறுங்காலோடு ஏற நேர்ந்துகொண்டவர்கள் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கருங்கல் சூடேறி உள்ளங்கால் கொப்பளிக்கும்.

முதலில் வந்த உத்தரவு கொல்வது அல்ல, நாடு கடத்துவது. கணவாய்க் காட்டில் விட்டார்கள். அங்கேயும் சுற்று ஊர்க்காரர்கள் தேடி வரத் தொடங்கியதும் வீரர்கள் வந்தார்கள். செபிக்க நேரம் கேட்டு முழந்தாளிட்டார். முழங்காலும் முழங்கையும் பதிந்ததாகச் சொல்லப்படும் தடங்கள் பாறையில் இருக்கின்றன. துப்பாக்கி வெடிக்காமல் போக, அதை வாங்கி ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுத்தார், பிறகு ஐந்து குண்டு பாய்ந்தது என்பது மரபு.

பக்கத்தில் மணியடிச்சான் பாறை. கையளவுக் கல்லால் தட்டினால் கோவில் மணி போல ஒலிக்கும். எங்கே தட்டினாலும் ஒலிக்காது. பல தலைமுறை தட்டித் தட்டி வெளுத்துக் குழிந்த இடங்கள் இருக்கின்றன, அங்கே தட்ட வேண்டும், ஓங்கி அல்ல, தட்டியதும் கல்லை எடுத்துவிட வேண்டும். கல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டால் அதிர்வு அடங்கி ‘டொக்’ என்றுதான் கேட்கும். பாறை சில முனைகளில் மட்டும் தரையைத் தொட்டு நிற்கும்போது இப்படி ஒலிப்பதுண்டு. ஊர் நம்பிக்கையோ, அவர் சாவை அறிவிக்க அடித்த மணி என்கிறது.

உடலை அடிவாரக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். மிஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் தேடிப் பொறுக்கிக் கோட்டாறு சவேரியார் கோவிலுக்குக் கொண்டுவந்து பீடத்தின் அருகே அடக்கம் செய்தார்கள். மலையிலிருந்து அரை மணி நேரப் பயணம். இன்று அது பேராலயம், கோட்டாறு மறைமாவட்டம் 1930ல் உருவானபோது அந்தத் தகுதி வந்தது. திருப்பலி நேரத்தில் கல்லறையருகே போய் நிற்க முடியாது என்பதால் வார நாளில், இரண்டு பூசைக்கு இடைப்பட்ட வேளையில் வாருங்கள். நவம்பர் கடைசியில் சவேரியார் திருவிழாக் கொடி ஏறினால் டிசம்பர் 3 வரை கோவிலைச் சுற்றித் திருவிழாக் கடைகள்தான், கல்லறையில் அமைதியாகச் செபிக்க இடம் கிடைக்காது.

கொலை நடந்து ஐந்தாவது ஆண்டிலேயே, 1756ல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தச் சாவைக் குறிப்பிட்டிருக்கிறார். அப்படியிருந்தும் 2012 ஜூனில்தான் மறைசாட்சியம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் கர்தினால் ஆஞ்செலோ அமாத்தோ, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அறிவித்தார். மறைசாட்சி என்று உறுதியானால் அந்தப் பட்டத்துக்குப் புதுமை, அதாவது அற்புதம் தேவையில்லை, புனிதர் பட்டத்துக்கு மட்டும் ஒன்று வேண்டும். தாயின் வயிற்றிலேயே அசைவற்றுப் போன குழந்தை பிழைத்த நிகழ்வை 2020ல் ஏற்று, 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, மனைவியோடு குடும்பம் நடத்திய இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் புனிதர் பட்டம் இது.

கல்லறையில் தொட்டு வைக்க மாலை கொண்டுவருபவர்கள் பிளாஸ்டிக் சரிகை கலக்காத பூமாலையாக வாங்குங்கள். நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே தோவாளைப் பூச்சந்தை இருக்கிறது, ஆரல்வாய்மொழியிலிருந்து திரும்பும் அதே சாலையில். காலையிலேயே போனால் விலை குறைவு.